மேபெலின் காகித உருண்டை

நான் வேலை பார்த்த இடத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு செய்தி மடல் வரும். பளபளப்பான தாள், சிரிக்கிற முகங்கள். ஓய்வு பெற்றவர்களையும் நன்கொடை கொடுப்பவர்களையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள் போலிருக்கிறது. நான் பெரும்பாலும் பிரிக்காமலே குப்பையில் போடுவேன். போன வசந்தத்தில் வந்த மடலின் அட்டையில் மேபெல் இருந்தாள், அதனால் பிரித்தேன். பிரித்த நாளிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மேபெல் ஒரு சிம்பன்ஸி. தெரியாதவர்கள் என் பேத்தி என்று நினைத்துவிடக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து, மென்று நனைத்த காகித உருண்டை ஒன்றை வாயின் வலது ஓரத்தில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் குட்டி மேதை' என்று தலைப்பு. காட்டில் வாழும் சிம்பன்ஸிகள் இலையை மென்று பஞ்சு மாதிரி ஆக்கி, மரப்பொந்தில் தேங்கிய தண்ணீரை அதில் ஒற்றிக் குடிக்கும். எங்கள் பயிற்சித் திட்டத்தால் மேபெலும் அந்தத் திறமையை அடைந்திருக்கிறாள். இங்கே அவள் மனம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே அவளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை. இப்படிப் போனது கட்டுரை.

சமையலறை மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. என் கணவர் சேகர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு வசு, மூஞ்சி இப்படி இருக்கு?"

"மேபெல்ல ஜீனியஸ்னு போட்ருக்காங்க."

"நல்ல நியூஸ்தானே. நீ அதைத்தானே இத்தனை வருஷமா கத்திட்டு இருந்தே?"

ஆமாம், அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். நான் கத்தியபோது அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் மனநோய்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, "ஆன்ட்டி, உங்க வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ஜாலியா ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்டில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், "இவங்கதான் மங்கி டாக்டர் ஆன்ட்டி" என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தி வைப்பார்கள். முதல் விஷயம், நான் இந்த நாட்டில் டாக்டர் இல்லை. இரண்டாவது, சிம்பன்ஸி மங்கி இல்லை. சந்தேகம் இருந்தால் வாலைத் தேடிப் பார்க்கலாம். ஜாலியாக நாலு குரங்குக் கதை எதிர்பார்த்தவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். நான் சண்டை போட உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தேன். செங்கல்பட்டுப் பக்கம் கொஞ்ச காலம் எருமைகளுக்கும் ஆடுகளுக்கும் வைத்தியம் பார்த்தேன். கல்யாணம் ஆயிற்று. சேகருக்கு ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை, எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா. கிரீன் கார்டு வந்தபோது பையன் டேகேரில் இருந்தான். இங்கே டாக்டராக உரிமம் வாங்க எழுத வேண்டிய பரீட்சையை எழுதி முடித்தேன். செய்முறைத் தேர்வுக்கு வேறு மாநிலத்தில் போய்த் தங்க வேண்டும் என்றார்கள், அதோடு விட்டுவிட்டேன். டெக்னீஷியன் வேலைக்கு மனுப் போட்டேன். பெரிய மிருகங்கள் என்றால் பயமா என்று நேர்முகத்தில் கேட்டார்கள். எருமைக்குள் தோள்பட்டை வரைக்கும் கையை விட்டுக் கன்றை இழுத்திருக்கிறேன் என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

அந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஃப்ரீவேயை விட்டு இறங்கி, கடைகளெல்லாம் முடிந்து, மாட்டுப் பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே சிம்பன்ஸிகளுக்குக் கல்லீரல் நோய்க் கிருமியைச் செலுத்தி மருந்து சோதித்தார்கள். பிறகு அரசாங்கம் அந்தச் சோதனைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. விலங்குகள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றைப் பக்கத்து மாநிலத்தில் மரமும் குளமும் உள்ள சரணாலயம் ஒன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது என்று முடிவாகியிருந்தது. யாரை அனுப்புவது, யாரை அனுப்பக் கூடாது என்று எங்கள் ஆட்களே பரிந்துரைப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது முழுக்க அதைப் பற்றித்தான்.

என் வேலை பயிற்சி கொடுப்பது. வித்தை காட்டுகிற பயிற்சியென்று நினைக்க வேண்டாம். ஊசி போட வேண்டுமானால் துப்பாக்கியால் மயக்க ஊசி சுடுவதுதான் பழைய வழக்கம். சுடப் போகிறார்கள் என்று தெரிந்தால் கூண்டே அலறும். அதற்குப் பதிலாக, அவர்களே வந்து தோளைக் கம்பி வலையில் அழுத்திக் காட்டும்படி பழக்குவது என் பொறுப்பு. முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைத்துவிட்டு உள்ளே போவேன். எத்தனை பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் நகரும் கதவைத் தொடவே கூடாது. தொடும் முன் 'கதவு' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். தோளைக் காட்டினால் திராட்சை உண்டு, காட்டாவிட்டால் திட்டு கிடையாது. திரும்பிப் போய்விட்டால் நாளைக்கு மறுபடியும் வருவேன். சிலரிடம் ஒரு வருஷம் ஆனது. எனக்குப் பொறுமை கிடையாது என்று சேகர் சொல்வார். வீட்டில் கிடையாதுதான். எல்லாவற்றையும் அங்கேயே செலவு செய்துவிட்டு வந்தேன்.

முற்றத்தில் சிமெண்டால் செய்த கறையான் புற்று ஒன்று உண்டு. அதன் ஓட்டைகளில் ஆப்பிள் கூழும் கடுகுச் சாந்தும் ஊற்றி வைப்போம். அவர்கள் குச்சியை விட்டு நக்குவார்கள். பார்வையாளர்கள் கைதட்டுவார்கள். எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டால் எரிச்சலாக இருக்கும். காட்டில் ஒரு தாய் குச்சியைத் தேர்ந்தெடுத்து, இலையை உருவி, நுனியைக் கடித்துத் தூரிகை போலாக்கிப் புற்றுக்குள் விடுவாள். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அதைப் பார்க்கும். ஓரிடத்துச் சிம்பன்ஸிகள் கல்லால் கொட்டையை உடைக்கும். அதே கொட்டையும் அதே கல்லும் கிடைக்கிற இன்னொரு இடத்தில் அந்த வழக்கமே இருக்காது. நம்மூரில் ஒரு வீட்டு ரசம் பக்கத்து வீட்டில் கிடையாது என்பதுபோல அவர்களுக்கும் குடும்பத்துக்குக் குடும்பம் கைப்பழக்கம் உண்டு. அதையெல்லாம் பறித்துக் கூண்டில் அடைத்துவிட்டு, நாம் ஊற்றிய கடுகுச் சாந்தை நக்கினால் புத்திசாலி என்று சான்றிதழ் கொடுக்கிறோம்.

எங்கள் தலைமை டாக்டரின் பெயரை வாரன் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் எண்ண வேண்டாம். கதவைத் திறந்து பிடித்து நமக்கு வழிவிடுவார். என் மாமியார் இறந்தபோது பூச்செண்டு அனுப்பினார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரிடம் ஒரே ஒரு பழக்கம். எதையாவது மறுக்கப் போகிறார் என்றால் முதலில் நன்றி சொல்வார். "வசந்தி, இதை என் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி" என்று தொடங்கினால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவரைப் பார்த்து இதமாகப் புன்னகைப்பார். கத்துகிற மேலதிகாரியிடம் பதிலுக்குக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது? நன்றி சொல்கிற ஆளோடு சண்டை போட எந்த ஊரிலும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

மேபெல் காட்டில் பிறந்தவள். தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியைப் பிடித்து விற்ற காலத்தில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவள். பால் மறக்கும் வயதுகூட ஆகியிருக்காது. நான் பார்த்தபோதே கிழவி. இடது காதில் ஒரு பிளவு, கன்னத்தில் நரைத்த தாடி, நடக்கும்போது லேசான சாய்வு. புதிதாக வந்தவர்கள்மேல் தண்ணீர் துப்ப மாட்டாள். அந்த மரியாதையை அங்கே பலரிடம் எதிர்பார்க்க முடியாது.

காலைச் சாப்பாட்டைக் காகிதப் பையில் மடித்துக் கொடுப்போம். பிரிக்கிற வேலை இருந்தால் அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பொழுது போகும். ஒரு கோடையில் மேபெல் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, பையையும் கிழித்து மெல்லத் தொடங்கினாள். தினமும் பார்த்துக் குறிப்பதற்கு எங்களிடம் நடத்தைகளின் வகைப்பாடு ஒன்று உண்டு. உணவல்லாத பொருளை மெல்லுவது அதில் 'அசாதாரண நடத்தை'யின் கீழ் வரும். குறித்தார்கள். கூட்டத்தில் பேசினார்கள். பையை நிறுத்தினார்கள்.

பை போனதும் போர்வை நூலைப் பிரித்து மென்றாள். போர்வையை எடுத்தார்கள். அதன் பிறகு அவள் தன் முன்னங்கை முடியைப் பிடுங்கத் தொடங்கினாள். பிடுங்கிய முடியை மென்று சின்ன உருண்டையாக்கினாள். வகைப்பாட்டில் தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்வது இன்னும் மோசமான இனம். அவளுக்கு மனப் பதற்றத்துக்கான மாத்திரை எழுதினார் டாக்டர் வாரன். சரணாலயத்துக்குப் போகவிருந்தவர்களின் வரிசையிலிருந்து அவள் பெயரையும் எடுத்தார். மனநிலை சரியில்லாத கிழட்டு விலங்கு, பயணத்தைத் தாங்காது என்று காரணம் சொன்னார். அவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியவர்கள் நாங்கள். கடைசியில் அவள் தன் உடம்பிலிருந்தே எடுக்க வேண்டிவந்தபோது அவளுக்குப் பைத்தியம் என்றோம்.

என்னோடு வேலை பார்த்தவள் ரோசா. மெக்ஸிகோ எல்லையில் ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கத்துப் பெண், கூண்டுப் பராமரிப்பு அவள் பொறுப்பு. இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை வெளியே நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், என் தயிர்சாதமும், சோளமாவில் வேகவைத்த அவள் டமாலேயும். ஒரு நாள் அங்கிருந்தே மேபெலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர்கள் தண்ணீர் குடிக்கச் சுவரில் உலோகக் குமிழ் ஒன்று பதித்திருக்கும். வாயை வைத்து நாக்கால் அழுத்தினால் சில்லென்று பீய்ச்சி அடிக்கும். மேபெல் வாயை வைக்கவில்லை, விரலால் அழுத்தினாள். தண்ணீர் வழிந்து கீழே சிமெண்டு விளிம்பின் பள்ளத்தில் தேங்கியது. அவள் நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டாள். டெக்ஸாஸ் வெயிலில் அந்தத் தண்ணீர் சூடாக எவ்வளவு நேரம் ஆகும்? கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து, வாயிலிருந்து முடி உருண்டையை எடுத்து, பள்ளத்தில் ஒற்றி, உதட்டின் வலது ஓரத்தில் வைத்துப் பிழிந்தாள். மறுபடியும் ஒற்றினாள், மறுபடியும் பிழிந்தாள்.

"அவள் அதை மெல்லவில்லை, ரோசா. குடிக்கிறாள்" என்றேன். நாங்கள் பேசியது ஆங்கிலம், தமிழில் தருகிறேன்.

"குழாய் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?"

"குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலிக்கிறது. இடது பக்கம்."

ரோசா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "பல்லா?" என்றாள். அவளுக்கும் கடைவாய்ப் பல் ஒன்று அந்த மாதம்தான் படுத்தியிருந்தது.

காட்டில் தாய் மடியில் இருந்தபோது பார்த்த இலைப் பஞ்சு அவளுக்கு இத்தனை காலம் ஞாபகம் இருந்ததா, அல்லது வலி வந்தபின் அவளே யோசித்துக் கண்டுபிடித்தாளா? இதை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்பதுதான் என் பதில். ரோசா ஞாபகம் என்று அடித்துச் சொல்வாள். எனக்கு அந்தக் கேள்வியே அன்றைக்கு அவசியமாகப் படவில்லை. ஒரு உயிர், தனக்கு எங்கே வலிக்கிறது என்பதை மாதக்கணக்காக எங்கள் கண் முன்னால் செய்து காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் வாரனிடம் போனேன். வாய்க்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றேன்.

"வசந்தி, இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததற்கு நன்றி" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் நின்றேன். எக்ஸ்ரேக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அவள் இதயம் பலவீனம். போன வருஷப் பரிசோதனையில் பல் நன்றாகத்தான் இருந்தது. காகிதம் மெல்லுவதை வைத்து அவ்வளவு பெரிய ரிஸ்க் எடுக்க முடியாது என்றார். கண்ணாடியைத் துடைத்தார்.

"வாய்க்குள் பார்த்துப் புண் இருந்தால்?"

"மயக்கம் கொடுக்காமல் எப்படிப் பார்ப்பீர்கள்?"

"அவளையே காட்டச் சொல்கிறேன்" என்றேன். அவர் புன்னகைத்தார். இரண்டாவது தடவையும் நன்றி சொன்னார்.

தோளைக் காட்டப் பழக்குவது வேறு, வலிக்கிற வாயைத் திறந்து அசையாமல் பிடிக்கப் பழக்குவது வேறு. சிம்பன்ஸி வாயைத் திறந்து பல்லைக் காட்டினால் அவர்களுக்குள் அதற்கு வேறு பொருள்களும் உண்டு. பயந்தாலும் பல் தெரியும். கட்டளைக்கு எந்தச் சொல்லை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மாற்றாமல் இருந்தால் போதும். மற்றவர்கள் 'ஓபன்' என்பார்கள். நான் முதல் நாள் திராட்சையை விரலில் பிடித்துக்கொண்டு வலை முன்னால் குந்தியபோது, என் வாயில் தானாக வந்தது "ஆ காட்டு" என்பதுதான். பையனுக்குப் பருப்புசாதம் ஊட்டும்போது சொன்னது. சொல்லும்போது ஊட்டுகிறவளின் வாயும் திறந்துகொள்ளுமே, அப்படி முகமூடிக்குள் என் வாயும் திறந்தது. மேபெல் என் முகமூடி அசைவதைப் பார்த்தாள். கீழுதட்டைக் கொஞ்சம் தொங்கவிட்டாள். திராட்சையைக் கொடுத்தேன், வலது பக்கமாக.

வேலையைத் தவிர வேறெதுவும் நினைக்காத வாரங்கள் அவை. உதடு, பிறகு பல், பிறகு அகலம், பிறகு என் விரல் காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்வரை மூடாமல் இருப்பது. "சரி" என்றால்தான் முடிந்தது. ரோசாவும் கற்றுக்கொண்டாள். அவள் வாயில் அது "ஆ காத்து" என்று வரும். மேபெல் அதற்கும் திறந்தாள். வலித்திருக்கும், நிச்சயமாக வலித்திருக்கும். இருந்தும் தினமும் வந்தாள். கடைசியில் ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தில் இடது கீழ்க் கடைவாயில் ஈறு பொங்கி, சீழ் வெள்ளையாகக் கட்டியிருந்ததை நான் பார்த்தேன். ரோசா போனில் படம் எடுத்தாள். படத்தை டாக்டர் வாரன் மேசைமேல் வைத்தேன். அன்றைக்கு அவர் நன்றி சொல்லவில்லை. "எப்போது செய்யலாம்?" என்றார்.

மயக்க மருந்தை அவள் நன்றாகவே தாங்கினாள். ஈறுக்குக் கீழே இரண்டாகப் பிளந்திருந்த பல்லை எடுத்தார்கள். புண் ஆறியதும் குழாயில் வாயை வைத்துக் குடித்தாள். காகிதப் பையைத் திருப்பிக் கொடுத்தோம். பிரித்தாள், சாப்பிட்டாள், பையைத் தூக்கிப் போட்டாள். மெல்லவில்லை. முன்னங்கையில் முடி முளைத்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஜாலியான கட்டுரையாகவே இருந்திருக்கும். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் டாக்டர் வாரன் பேசினார். மேபெலின் அசாதாரண நடத்தை, மனப் பதற்ற மாத்திரையின் பலனாக நின்றுவிட்டது என்றார். பல்லை எடுத்ததைத் தனியாக, வழக்கமான வாய்ப் பராமரிப்பு என்று சொன்னார். நான் எழுந்து, இரண்டும் ஒன்றுதான் என்றேன். அந்தக் கருத்துக்கு நன்றி சொன்னார். கிளம்ப இருந்த லாரிகளில் அவளைச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். மாத்திரையை நிறுத்தினால் பழைய நிலைமை திரும்பலாம், ரிஸ்க் எடுக்க முடியாது என்றார்.

லாரிகள் வந்தன. அவளோடு ஒரே கூண்டில் இருந்த மூன்று பேரும் போனார்கள். மேபெல் வலையைப் பிடித்துக்கொண்டு லாரிச் சத்தம் ஓயும்வரை நின்றாள். ரோசா வேலையை விட்டு சான் அன்டோனியோ போனாள். நான் அதற்குப் பிறகும் இருந்தேன், மேபெலுக்காக. முழங்கால் குந்த விடாமல் ஆனதும் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள். டாக்டர் வாரன் எனக்கு நன்றி சொன்னார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது அந்தச் செய்தி மடலுக்கு வருகிறேன். அன்றைக்கு உருண்டை செய்தாள், பைத்தியம், அதனால் அனுப்பவில்லை. இன்றைக்கு உருண்டை செய்கிறாள், மேதை, அதனால் அனுப்ப வேண்டியதில்லை. அடுத்தவன் வீட்டுப் பிள்ளையென்றாலும் இப்படிப் பேசுவதைக் கேட்டு வாய் மூடியிருக்க முடியுமா? அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. சேகரிடம் படத்தைக் காட்டினேன்.

"நல்லா பாருங்க. ஏன் மறுபடியும் உருண்டை பண்றா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "திரும்பப் பல்லு வலியா?"

எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியருக்குப் படத்தைப் பார்த்ததும் புரிந்தது.

போன் செய்தேன். செய்தி மடல் போடுகிற பெண் நல்ல பெண்தான். கண்டிப்பாக மேலே சொல்கிறேன் என்றாள். கூடவே, விரைவில் பார்வையாளர் தினம் வருகிறது, மேபெலின் புத்திசாலித்தனம் பற்றி நாலு வார்த்தை பேச வருவீர்களா என்றும் கேட்டாள். பிறகு பதில் வந்தது. வாய்ப் பரிசோதனைக்கு மேபெல் ஒத்துழைப்பதில்லை, ஆனால் வலிக்கான அறிகுறி எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்கிறாராம். அறிகுறியைத்தான் அட்டைப்படமாகப் போட்டிருந்தார்கள். வருகிறேன் என்று சொன்னேன்.

"சீன் எதுவும் கிரியேட் பண்ணாத, வசு" என்றார் சேகர், 59-ஆம் நெடுஞ்சாலையில் டிரைவ் பண்ணிக்கொண்டே.

"பேசத்தானே கூப்ட்ருக்காங்க? பேசிட்டு வரேன்."

கூண்டுக்கு எதிரே புல்வெளியில் கூடாரம், வரிசையாக நாற்காலிகள், பெரிய திரை. கூண்டுச் சுவரில் தொடுதிரை ஒன்றைப் பதித்திருந்தார்கள். ஒரே மாதிரிப் படங்களைத் தொட்டால் கிஸ்மிஸ் பழம் விழும். அதன் மேலிருந்த கேமரா மேபெலின் முகத்தைக் கூடாரத்துத் திரையில் பெரிதாகக் காட்டியது. அவள் படங்களைத் தொட்டாள், கூட்டம் கைதட்டியது. விழுந்த கிஸ்மிஸை அவள் வலது பக்கமாக வைத்து மென்றதை நான் பார்த்தேன்.

முகமூடியும் கையுறையும் கொடுத்து என்னை வலைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். மேபெல் என்னைப் பார்த்ததும் தொடுதிரையை விட்டுவிட்டாள். அடித்தொண்டையில் மெல்ல மூச்சு விட்டு விட்டு ஒரு சத்தம் செய்தாள், தெரிந்தவர்களுக்குச் செய்வது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் வாரன் கூடாரத்திலிருந்து மைக்கில், "வசந்தி, மேபெலின் அறிவைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யார்?" என்றார்.

"நான் சொல்வதைவிட அவளே காட்டட்டும்" என்றேன்.

கேமராவுக்குக் கீழே போய் நின்றேன். என் கையில் திராட்சை இல்லை. அவள் அதைக் கவனித்தாள், என் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"மேபெல். ஆ காட்டு."

திறந்தாள். நான் சொல்லிக்கொடுத்த அகலத்துக்கு, கடைசிப் பல் வரை. இத்தனை வருஷம் கழித்து, வலியோடு, திராட்சை இல்லாத கைக்கு. பெரிய திரையில் நாற்காலி உயரத்துக்கு அந்த வாய் தெரிந்தது. இடது மேல் கடைவாய், கறுத்த பல், சுற்றிலும் வீங்கிச் சிவந்த ஈறு. நான் விரலால் காற்றில் வட்டம் போட்டேன், அவள் மூடவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்துவிட்டு, "சரி" என்றேன். மூடினாள்.

முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் கேட்டது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. "இது அவளுக்கு வலிக்கவில்லையா?"

"நன்றி" என்று தொடங்கினார் டாக்டர் வாரன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்தார்.

அடுத்த வாரமே பல்லை எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவையும் மயக்க மருந்தை நன்றாகத் தாங்கினாளாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பராமரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, அந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். சரணாலயத்தைப் பற்றியும் விசாரித்தேன். இப்போதுதான் அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது, பயணத்தைத் தாங்க மாட்டாள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

அதனால்தான் இதை எழுதினேன். மலரில் வந்ததும் என் பையன் இதை ஆங்கிலத்தில் எழுதித் தருவான். அவன் சான் ஹோசேவில் இருக்கிறான். தமிழ் நன்றாகப் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். "ஷ்யூர் அம்மா, ஐ வில் டூ இட்" என்றிருக்கிறான். அது டாக்டர் வாரனுக்கும், அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்கும், அந்தத் தொப்பி போட்ட அம்மாளுக்கும் போகும். அவரிடம் முகவரி வாங்காமல் நான் அங்கிருந்து கிளம்பவில்லை. கடைசி வரியை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்று பையனிடம் சொல்லிவிட்டேன். அந்த மனிதரிடம் கற்றுக்கொண்ட முறையிலேயே எழுதப் போகிறேன்.

டாக்டர் வாரன், இதைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. அவளை அனுப்புங்கள்.